பழைய வங்கிப் பணத்தாள்கள்: சேகரிப்புக்கு ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கிளை ஒன்றுக்கு வாடிக்கையாளர் ஒருவர் தம் மறைந்த தந்தையார் விட்டுச் சென்ற தொகுப்பு ஏட்டை எடுத்து வந்தார். தந்தையார் பணி ஓய்வு பெற்றபின், ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பழைய பணத்தாள்களை வாங்கி வந்தவர். ஏட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்து ஒரு ரூபாய்த் தாள்கள், பல நாடுகளின் பணத்தாள்கள், வரிசை எண் அழகாக அமைந்த அண்மைக்காலத் தாள்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. முதற்பக்கத்தில் 'பேங்க் ஆஃப் பெங்கால்' என்ற பெயருடன் இரண்டு பெரிய தாள்கள் தனி உறையில் வைக்கப்பட்டிருந்தன. குடும்பத்தார் அவற்றையே பெருஞ்செல்வமாகக் கருதியிருந்தனர்.

மகன் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இவற்றின் விலை என்ன? அப்பா எதைத் தேடிக்கொண்டிருந்தார்? முதற்கேள்விக்கு விடை கூறுவது வங்கியின் பணி அன்று. செல்லுபடியாகும் தாளுக்கு அதன் முகமதிப்பை மட்டுமே வங்கி வழங்கும். சேகரிப்பாளர் சந்தையின் விலையை நாங்கள் மதிப்பிடுவதில்லை. இரண்டாம் கேள்விக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. ஏட்டில் ஒரு வரிக் குறிப்புக்கூட இல்லை. பின்னர் அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் பார்த்தபோது, அந்த இரு பெரிய தாள்களும் அண்மையில் அச்சிடப்பட்ட நகல்கள் எனத் தெரியவந்தது.

அப்பெரியவர் அறிவிலோ ஆர்வத்திலோ குறைந்தவர் அல்லர். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற எல்லையை அவர் வகுத்துக்கொள்ளவில்லை. குறை அது ஒன்றே. அந்த எல்லைக்குத்தான் சேகரிப்பாளர்கள் 'கருப்பொருள்' என்று பெயரிட்டுள்ளனர். பழைய வங்கிப் பணத்தாள்களில் நாட்டம் கொண்ட வாடிக்கையாளர்கள் தமக்குரிய கருப்பொருளை எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வங்கிகளே பணம் அச்சிட்ட காலம்

இன்று நம் கையில் உள்ள பணத்தாள்களை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. ஒரு ரூபாய்த் தாளை மட்டும் மத்திய அரசு வெளியிடுகிறது. 1861-ஆம் ஆண்டுக்கு முன்னர் நிலைமை வேறு. தனியார் வங்கிகளும், அரசின் பட்டயம் பெற்ற மாகாண வங்கிகளும் தத்தம் பெயரில் பணத்தாள்களை வெளியிட்டன. 'இத்தாளைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவோம்' என்ற வங்கியின் வாக்குறுதியே அத்தாளின் மதிப்பு.

கல்கத்தாவில் அலெக்ஸாண்டர் நிறுவனத்தார் 1770-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான் இவ்வகையில் முன்னோடி. மக்கள் அச்சமுற்றுத் தாள்களைக் கொடுத்து நாணயம் கேட்டுத் திரண்ட நெருக்கடிகளை அது மூன்று முறை தாங்கி நின்றது. 1832-இல் தாய் நிறுவனம் நொடித்தபோது வங்கியும் உடன் வீழ்ந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் இயங்கிய ஜெனரல் பேங்க் 1773 முதல் 1775 வரை மட்டுமே நீடித்தது.

பணத்தாள் பரவலாகப் புழங்கியது மாகாண வங்கிகளின் வரவுக்குப் பின்னரே. 1806-இல் ஐம்பது இலட்சம் சிக்கா ரூபாய் மூலதனத்துடன் பேங்க் ஆஃப் கல்கத்தா தோன்றியது. 1809-இல் அது பேங்க் ஆஃப் பெங்கால் எனப் பெயர் மாறியது. பேங்க் ஆஃப் பாம்பே 1840-இலும், பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1843-இலும் அமைந்தன. 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் பணத்தாள் வெளியிடும் உரிமையை இவ்வங்கிகளிடமிருந்து எடுத்து அரசிடம் ஒப்படைத்தது. உரிமை போயினும் வங்கிகள் தொடர்ந்து இயங்கின. மூன்று மாகாண வங்கிகளும் 1921-இல் இணைந்து இம்பீரியல் பேங்க் ஆஃப் இந்தியா ஆயின. அதுவே 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாக உருப்பெற்றது.

ஆக, இந்தியாவில் வங்கிகள் தம் பெயரில் பணத்தாள் வெளியிட்ட காலம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். வெளியிட்ட வங்கிகளோ சில மட்டுமே. கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் இவ்விரு செய்திகளையும் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

பிற நாட்டு அறிவுரை இங்குப் பொருந்துமா?

பணத்தாள் சேகரிப்பு பற்றிய ஆங்கில வழிகாட்டி நூல்களில் 'உங்கள் சொந்த ஊர் வங்கியின் தாள்களைச் சேகரியுங்கள்' என்ற அறிவுரை அடிக்கடி காணப்படும். அது அமெரிக்காவுக்கு மிகப் பொருத்தமானது. அங்கு 1863 முதல் 1935 வரை 'நேஷனல் பேங்க்' என்ற வகையைச் சேர்ந்த உள்ளூர் வங்கிகள், அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்துத் தம் பெயர் பொறித்த பணத்தாள்களை வெளியிட்டன. அவ்வாறு வெளியிட்ட வங்கிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. சிற்றூரின் பெயரும், வங்கியின் பட்டய எண்ணும், அவ்வூர் வங்கித் தலைவர், காசாளர் ஆகியோரின் கையொப்பங்களும் தாளிலேயே இருக்கும். ஆகவே அங்குள்ள ஒருவர் தம் ஊர், தம் மாவட்டம், ஒரு தொடர்வண்டிப் பாதையில் உள்ள ஊர்கள் என எதை வேண்டுமானாலும் எல்லையாகக் கொள்ளலாம்.

நம் நாட்டில் அது பொருந்தாது. வங்கித் தாள்கள் பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய துறைமுக நகரங்களைச் சார்ந்தே புழங்கின. மதுரையிலோ நாக்பூரிலோ வாழும் ஒருவர் தம் ஊர் வங்கி 1850-இல் வெளியிட்ட தாளைத் தேடினால், இல்லாத பொருளைத் தேடுபவர் ஆவார். இருந்த தாள்களும் எஞ்சியிருப்பது அரிது. வாக்குறுதி நிறைவேறிய பின் வங்கிக்குத் திரும்பிய தாள்கள் அழிக்கப்பட்டன. இன்று ஏலங்களில் தென்படுபவற்றுள் பல, புழக்கத்துக்கு வராத மாதிரித் தாள்களும், அச்சுச் சோதனைப் படிகளும், ரத்து முத்திரை பெற்றவையுமே. கையொப்பமும் தேதியும் எழுதப்பட்டு மக்கள் கையில் புழங்கிய தாள் கிடைப்பது மிக அரிது. கிடைத்தாலும் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. உண்மை நிலையை அறிந்தபின் தேர்ந்தெடுக்கும் கருப்பொருளே நிலைக்கும். நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ற ஐந்து வழிகளைக் கீழே தருகிறோம்.

முதல் வழி: ஒரு வங்கியின் வாழ்க்கை வரலாறு

ஒரே வங்கியை எடுத்துக்கொண்டு, அது விட்டுச் சென்ற காகிதங்களைக் கால வரிசையில் அடுக்குவது இம்முறை. பேங்க் ஆஃப் பெங்காலின் பணத்தாள்கள் மூன்று வரிசைகளாகப் பகுக்கப்படுகின்றன. ஒருபுறம் மட்டும் அச்சிடப்பட்டவை முதல் வரிசை. துறைமுகக் கரையில் அமர்ந்த, வணிகத்தை உருவகிக்கும் பெண்ணின் படம் தாங்கியவை இரண்டாம் வரிசை. அப்பெண்ணின் இடத்தில் பிரிட்டானியா உருவம் இடம்பெற்றவை மூன்றாம் வரிசை. போலித் தாள்களைத் தடுக்கும் பொருட்டு மூன்றாம் வரிசையில் நுண்ணிய கோலங்களும் பல நிறங்களும் சேர்க்கப்பட்டன.

இம்மூன்றையும் விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலோர்க்கு இயலாது. ஆனால் 1861-க்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் இம்மாகாண வங்கிகள் இயங்கின அல்லவா? அக்காலத்தில் அவை வழங்கிய காசோலைகளும், வரைவோலைகளும், வைப்புத்தொகை ரசீதுகளும், கடித உறைகளும் பணத்தாள்களைக் காட்டிலும் எளிதாகக் கிடைக்கின்றன. ஓரணா முத்திரைத் தீர்வையுடன் கூடிய ஒரு மாகாண வங்கிக் காசோலையும், அதையடுத்து இம்பீரியல் வங்கிக் காசோலையும், அதையடுத்து ஸ்டேட் வங்கியின் தொடக்ககாலக் காசோலையும் ஒரே பக்கத்தில் அமைந்தால், ஒரு வங்கி மூன்று பெயர்களில் வாழ்ந்த கதையை அப்பக்கமே சொல்லிவிடும். பணத்தாள்களின் இடத்தில் அருங்காட்சியக வெளியீடுகளின் படங்களை, 'படம்' என்று தெளிவாகக் குறித்து வைக்கலாம். அதனால் தொகுப்பின் தகுதி குறைவதில்லை.

இரண்டாம் வழி: தாளில் உள்ள உருவங்கள்

பேங்க் ஆஃப் பாம்பேயின் தாள்களில் பம்பாய் டவுன் ஹால் கட்டடமும், ஆளுநர்களாக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன், ஜான் மால்கம் ஆகியோரின் சிலைகளும் இடம்பெற்றன. பேங்க் ஆஃப் மெட்ராஸின் தாள்களில் 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் உருவம் இடம்பெற்றது. மாகாண வங்கிகளுள் மிகக் குறைவாகத் தாள் வெளியிட்டது சென்னை வங்கியே. பம்பாயில் 1845-இல் தொடங்கிய கமர்ஷியல் பேங்க் ஆஃப் இந்தியாவின் தாள்கள் மேலை நாட்டு, கீழை நாட்டு அலங்காரங்களைக் கலந்து அமைந்தவை.

அந்த டவுன் ஹால் இன்றும் மும்பையில் ஆசியாட்டிக் சங்கத்தின் நூலகமாக விளங்குகிறது. மன்றோவின் குதிரைச் சிலை சென்னைத் தீவுத்திடல் அருகே நிற்கிறது. வங்கிகள் ஏன் ஆளுநர்களின் உருவத்தையும் பொதுக் கட்டடத்தையும் நாடின என்று எண்ணிப் பார்க்கலாம். காகிதத்தை நம்பத் தயங்கிய மக்களுக்கு, தாம் நாள்தோறும் காணும் கல்லும் வெண்கலமும் உறுதி அளிக்கும் என்று அவை கருதியிருக்கக்கூடும். தாளின் படம், அதே கட்டடத்தின் பழைய அஞ்சலட்டை, நாமே சென்று எடுத்த ஒளிப்படம் ஆகிய மூன்றையும் இணைத்து அமைக்கும் தொகுப்பு செலவு குறைந்தது. பயணத்தில் விருப்பமுள்ளோர்க்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாம் வழி: எழுத்தும் மொழியும்

பேங்க் ஆஃப் பெங்கால் தன் தாளில் வங்கியின் பெயரையும் மதிப்பையும் உருது, வங்காளம், நாகரி ஆகிய மூன்று எழுத்துகளில் அச்சிட்டது. 1861-க்குப் பின் அரசு வெளியிட்ட விக்டோரியா உருவத் தாள்களில் இரு மொழிகளும், பின்னர் வந்த பச்சை வரிசையில் நான்கு மொழிகளும், சிவப்பு வரிசையில் எட்டு மொழிகளும் இடம்பெற்றன. பச்சை வரிசையின் மொழிகள், தாள் வெளியான பண வட்டத்துக்கு ஏற்ப வேறுபட்டன. இன்றைய தாளின் மொழிப் பட்டியலில் பதினைந்து மொழிகள் உள்ளன. முகப்பில் உள்ள இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றையும் சேர்த்தால் பதினேழு.

இக்கருப்பொருளின் சிறப்பு, அது நம் சட்டைப்பையிலிருந்தே தொடங்குகிறது என்பது. இன்றைய பத்து ரூபாய்த் தாளை முதற்பக்கத்தில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி நடக்கலாம். ஆறாம் ஜார்ஜ் காலத்து ரிசர்வ் வங்கித் தாள்கள் வரை பலரால் செல்ல இயலும். அதற்கு முந்தையவற்றைக் காலமும் கையிருப்பும் இடம்கொடுக்கும்போது தேடலாம். பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யத்தக்க தொகுப்பும் இதுவே.

நான்காம் வழி: வட்டங்களும் பயணமும்

அரசு வெளியிட்ட தொடக்ககாலத் தாள்களும் உள்ளூர்த் தன்மை உடையவையே. அவற்றை வெளியிட்ட வட்டத்துக்குள் மட்டுமே நாணயமாக மாற்றிக்கொள்ளச் சட்ட உரிமை இருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன், கராச்சி, லாகூர், கான்பூர் என அவ்வட்டங்கள் அமைந்தன. 1903 முதல் 1911 வரையிலான காலத்தில்தான் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் படிப்படியாக நாடெங்கும் செல்லுபடியாயின.

அக்காலத்தில் தொலைவில் உள்ளவருக்குப் பணம் அனுப்புவோர் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அஞ்சலில் அனுப்புவர். அது சேர்ந்த செய்தி கிடைத்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். வழியில் ஒரு பாதி களவுபோனாலும் திருடனுக்குப் பயனில்லை. இன்று உங்கள் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் செய்யும் பணியை அன்று ஒரு கத்தரிக்கோல் செய்தது. பின்பக்கம் காகிதம் ஒட்டி இணைக்கப்பட்ட இத்தகைய தாள்கள், முழுத் தாள்களைக் காட்டிலும் விலை குறைவாகவே மதிக்கப்படுகின்றன. 'பணம் பயணம் செய்த விதம்' என்பதைக் கருப்பொருளாகக் கொள்பவருக்கோ அக்குறையே அணிகலன். அஞ்சல் உறைகள், பணவிடைப் படிவங்கள், வணிகர்களின் உண்டியல்கள் ஆகியவற்றையும் இதனுடன் சேர்க்கலாம்.

ஐந்தாம் வழி: வீழ்ந்த வங்கிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியது. ஊக வணிகம் பெருகியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. கமர்ஷியல் பேங்க் ஆஃப் இந்தியா 1866-இல் நொடித்தது. பேங்க் ஆஃப் பாம்பே 1868-இல் கலைக்கப்பட்டு, அதே ஆண்டில் மீண்டும் அமைக்கப்பட்டது. பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான் முதல் இவ்வங்கிகள் வரை வீழ்ச்சியின் கதைகளைத் தொகுப்பது, வங்கித் தொழிலில் உள்ள எங்களுக்கே பாடம் புகட்டும் கருப்பொருள். அக்காலப் பங்குச் சான்றிதழ்கள், வணிகக் கடிதங்கள், செய்தித்தாள் விளம்பரங்கள் ஆகியவை இதற்குத் துணை.

ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்

இவற்றுள் எது உங்களுக்கு ஏற்றது? முடிவு செய்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் கருப்பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியத்தில் 'மற்றும்', 'முதலியன' ஆகிய சொற்கள் புகுந்தால் எல்லை இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். அதன் கீழே, அத்தொகுப்பில் இடம்பெற வேண்டிய பன்னிரண்டு பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது: இப்பொருள் நம் நாட்டுச் சந்தையில் கிடைக்கிறதா? ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களையும், நாணயவியல் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளையும் ஆறு மாதம் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இரண்டாவது: இதன் விலை என் சேமிப்பைத் தொடாமல், மிகுதியிலிருந்து கொடுக்கத்தக்கதா? வைப்புத்தொகையை முறித்தோ, தனிநபர் கடன் பெற்றோ, கடன் அட்டையைப் பயன்படுத்தியோ பழம்பொருள் வாங்குவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். பணத்தாள் தொகுப்பு வட்டி ஈட்டாது. அவசரத்துக்கு விற்கச் சென்றால் கேட்பவர் சொல்வதே விலை.

மூன்றாவது: இது உண்மையானதா என்பதை என்னால், அல்லது நான் நம்பும் ஒருவரால், சோதித்து அறிய இயலுமா?

பன்னிரண்டில் ஏழெட்டுக்கேனும் மூன்று விடைகளும் 'ஆம்' என்று வந்தால் அக்கருப்பொருளில் துணிந்து இறங்கலாம். நான்கைந்துக்கு மட்டுமே வந்தால் எல்லையை மாற்றி அமையுங்கள். மீதமுள்ள அரிய பொருள்கள் வெற்றிடங்களாக இருக்கட்டும். வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் கண்டதையெல்லாம் வாங்கமாட்டார்.

வாங்கத் தொடங்கும் முன்னர், மும்பையில் உள்ள ரிசர்வ் வங்கியின் பணவியல் அருங்காட்சியகத்தையோ, கொல்கத்தாவில் உள்ள ரிசர்வ் வங்கி அருங்காட்சியகத்தையோ ஒருமுறை கண்டுவருவது நலம். உண்மைத் தாளின் அளவும் நிறமும் கண்ணில் பதிந்துவிட்டால் நகலைக் கண்டு ஏமாறும் வாய்ப்பு குறையும்.

ஏமாறாதிருக்க

பழைய வங்கித் தாள்களில் எண்ணும் தேதியும் கையொப்பமும் பேனாவால் எழுதப்பட்டவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மை காகித இழைகளில் ஊறியிருப்பது தெரியும். கையொப்பம் நுண்புள்ளிகளின் தொகுதியாகத் தெரிந்தால் அது அச்சிட்ட நகல். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். விற்பவரிடம் முழு விவரத்துடன் கூடிய ரசீது கேட்டுப் பெறுங்கள்; தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

'உங்களிடம் உள்ள பழைய தாளுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம். முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் செலுத்துங்கள்' என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இவ்வாறு பணம் பறிப்போர் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்துள்ளது. பழைய தாள்களையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் பணியில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை. அதற்கென எவருக்கும் அதிகாரம் அளிக்கவுமில்லை.

சட்ட எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-இன்படி, நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. வரலாற்று மதிப்புடைய ஆவணங்களுக்கு இவ்வரம்பு எழுபத்தைந்து ஆண்டுகள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் பழைய தாளை அஞ்சலில் அனுப்ப எண்ணுவோர் இதை நினைவில் கொள்க. 2016-இல் செல்லாததாக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தம் பத்துத் தாள்கள் வரையே வைத்திருக்கலாம். ஆய்வு, நாணயவியல் ஆகிய நோக்கங்களுக்கு இருபத்தைந்து தாள்கள் வரை அனுமதி உண்டு.

காப்பதும் கையளிப்பதும்

பழைய தாளைக் கழுவுதல், இஸ்திரி போடுதல், ஒட்டுநாடாவால் ஒட்டுதல், லேமினேட் செய்தல் ஆகியவை கூடவே கூடாது. பி.வி.சி. உறைகள் நாளடைவில் தாளைக் கெடுக்கும்; பாலியெஸ்டர் உறைகளே ஏற்றவை. வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பாருங்கள்.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பதாயின் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். பெட்டகத்தினுள் என்ன உள்ளது என்பது வங்கிக்குத் தெரியாது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையே வங்கியின் பொறுப்பு. மதிப்பு மிக்க தொகுப்புக்குத் தனிக் காப்பீடு பற்றி விசாரிப்பது நன்று. பெட்டகத்துக்கு நியமனதாரரைப் பதிவு செய்ய மறவாதீர்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது குறிப்பேடு. ஒவ்வொரு பொருளையும் எப்போது, எவரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், அது ஏன் இத்தொகுப்பில் உள்ளது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். நகலாயின் 'நகல்' என்றே எழுதுங்கள். முதற்பக்கத்தில் கருப்பொருளை ஒரு வாக்கியத்தில் எழுதி, வீட்டில் ஒருவரிடமேனும் அதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட வாடிக்கையாளர் சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். ஏட்டை முழுதாகப் பிரித்து வகைப்படுத்தியிருந்தார். நகல்களையும் தொடர்பற்ற தாள்களையும் விலக்கியபின் எஞ்சியவை ஒரு ரூபாய்த் தாள்கள். முதல் உலகப் போரின்போது 1917-இல் வெளிவந்த முதல் ஒரு ரூபாய்த் தாள், இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் மீண்டும் வந்த ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் உருவத் தாள்கள், 1949-இல் சிங்கச் சின்னத்துடன் வந்த விடுதலை இந்தியாவின் முதல் தாள், அதன் பின் வந்த நிதிச் செயலர்களின் கையொப்ப வேறுபாடுகள் என அது ஏறத்தாழ முழுமையான வரிசையாக அமைந்திருந்தது. பெரியவர் அறிந்தோ அறியாமலோ ஒரு கருப்பொருளை நோக்கியே நடந்திருக்கிறார். அதை எழுதி வைத்திருந்தால், அப்பா எதைத் தேடினார் என்று மகன் எங்களிடம் வந்து கேட்க நேர்ந்திராது.

அன்று அவர் விலை பற்றிக் கேட்கவில்லை. 1917-ஆம் ஆண்டுத் தாளில் மூவருடைய கையொப்பங்கள் தனித்தனியே வந்துள்ளன என்றும், அவற்றுள் கப்பே, மெக்வாட்டர்ஸ் ஆகிய இருவருடையவை தம்மிடம் உள்ளன என்றும் கூறிவிட்டு, டென்னிங் கையொப்பமிட்ட தாள் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டார்.